பால் கிண்ணம் முதல் பால்கனி வரை: பூனை வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அதில் பட்டாணிக்கு ஃப்ரிட்ஜ் மேல் இடம், ராகிக்கு பீரோ மேல். இரண்டும் நாட்டுப் பூனைகள், ஓர் ஐப்பசி மழையில் வந்து சேர்ந்தவை. இந்த ஆறு வருடத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பூனை வீட்டில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை பாசத்தால் நடப்பவை. நமக்கு எது நல்லதோ அது பூனைக்கும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம்.

எதிர் வீட்டுப் பாட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் டவராவில் பாலோடு வந்து நிற்பார். “பாவம்டி கண்ணு, வாயில்லா ஜீவன், ரெண்டு வாய் குடிக்கட்டுமே” என்பார். நம் பழமொழியிலேயே பூனை கண்ணை மூடிக்கொண்டு பால்தானே குடிக்கிறது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காது. ஆசையாகக் குடிக்கும், அப்புறம் வயிறு கலங்கும். தாய் இல்லாத குட்டிக்கும் பாக்கெட் பால் ஆகாது. அதற்கென்றே தனிப் பால் பவுடர் விற்கிறார்கள், கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பாட்டிக்கு இதை எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது அவர் பாலுக்குப் பதில் பூனைகளுக்கு ஒரு பாட்டு பாடிவிட்டுப் போகிறார், ராகி அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறது.

தயிர் சாதத்தில் வளரும் பூனைகளும் நம் ஊரில் உண்டு. வீடு சைவமாக இருக்கலாம், பூனை சைவமாக முடியாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடலால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் வரவேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசையும் பலவீனமாகும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1987-இல்தான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சமைக்க விருப்பமில்லாத வீடுகளில் பூனைக்கென்று தயாரித்த முழு உணவை வாங்கி வைத்துவிடுவது நல்லது. சமைப்பவர்கள் கோழியோ மீனோ வெறுமனே வேகவைத்து, முள்ளும் எலும்பும் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதை மட்டுமே தினமும் கொடுத்தால் கால்சியம் போன்ற வேறு சத்துகள் குறையும். குழம்பில் போட்ட துண்டைக் கழுவிக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், கழுவினாலும் அவற்றின் சாறு இறைச்சியில் ஊறித்தான் இருக்கும்.

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து சோறு வைப்பதும் தவறுதான். விடியலும் அந்தியும் பூனைக்கு வேட்டை நேரம், அது விழித்திருப்பது இயல்பு. பட்டாணி மேசையில் ஏறி முதலில் பேனாவைத் தள்ளும். என் முகத்தைப் பார்க்கும். அடுத்தது கண்ணாடிக் கூடு. மறுபடி பார்வை. கடைசியாக எவர்சில்வர் டம்ளர். அந்தச் சத்தத்துக்கு எழுந்து கிண்ணத்தை நிரப்பினால், டம்ளரைத் தள்ளினால் சோறு வரும் என்று அது கற்றுக்கொள்கிறது. இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் ஓடவிட்டு விளையாடுங்கள், அதன் பிறகு கடைசிச் சாப்பாடு. இரண்டு வாரம் எழாமல் தாக்குப்பிடித்தால் டம்ளர் தானாக நின்றுவிடும்.

இனி பால்கனி. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்ற நம்பிக்கை பல பூனைகளின் உயிரை வாங்கியிருக்கிறது. நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து ஒரு மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. இதைப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று சொல்கிறவர்கள், அவை மருத்துவமனை வரை வந்து சேர்ந்த பூனைகள் என்பதை மறந்துவிடுகிறார்கள். தரையிலேயே உயிரை விட்டவை அந்தக் கணக்கில் வரவில்லை. பிழைத்தவற்றிலும் பலவற்றுக்கு நெஞ்சில் அடி, தாடை முறிவு.

சென்னையில் இதற்குப் புறாவும் ஒரு காரணம். ஏசியின் வெளி யூனிட் மேல் புறா வந்து உட்காரும்போது பூனையின் தாடை தானாக நடுங்கும், வினோதமாகக் ‘கெக்கெக்’ என்று சத்தமிடும். அந்த நொடியில் அதற்கு மாடியும் தெரியாது, உயரமும் தெரியாது. ஜன்னலில் வெல்க்ரோவில் ஒட்டிய கொசுவலையை நம்பாதீர்கள், ஒரு பாய்ச்சலில் வலையோடு போய்விடும். மெல்லிய நைலான் புறா வலையையும் சில பூனைகள் கடித்து அறுத்துவிடும். கனமான வலையாகப் போட்டு நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கம்பி வலையே அடித்துவிட்டோம்.

மல்லிகைச் சரம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் போட்ட பூ மறுநாள் வாடியதும் நூலோடு கீழே விழும். பூனைக்கு அது ஆடுகிற வால். அதன் நாக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்ப முடியாது, உள்ளே இழுத்துக்கொண்டே போகும். குடலில் ஒரு முனை சிக்கினால் குடலே கொசுவம் மாதிரிச் சுருங்கி, நூல் அதை அறுக்கவும் செய்யும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தையல் நூல், ரப்பர் பேண்டு, ரிப்பன் எல்லாவற்றுக்கும் இதேதான். வாடிய சரத்தை உடனே மூடி உள்ள குப்பைக் கூடையில் போடுங்கள்.

பூனைக்கு உடம்பு சூடாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடலாம். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். நாய்க்கு உண்ணி போக வைக்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் பூனைக்கு விஷம். பீரோவில் போடும் அந்துருண்டை, தரை துடைக்கும் கறுப்புப் பினாயில், பொக்கேயில் வரும் லில்லிப் பூ இவையும் அப்படித்தான். லில்லியின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் கெட்டுவிடும்.

பூனை தன் வலியைக் காட்டாது, அதனால் சின்ன மாற்றத்தையும் நாம்தான் கவனிக்க வேண்டும். ஒரு நாள் இரவு பட்டாணி, மலஜலம் கழிக்க வைத்திருந்த மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தது. மலச்சிக்கல் என்று நினைத்துக் காலை வரை பார்க்கலாம் என்றிருந்தோம். அப்படி விட்டிருந்தால் பிழைத்திருக்காது, சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தது. ஆண் பூனைக்கு இது வந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று தெரியாமல் நாங்கள் அலைந்தது போல நீங்கள் அலைய வேண்டாம். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்கள் பகுதியிலும் தனியார் மருத்துவர்கள் இருப்பார்கள். யார் எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்பதை இன்றே கேட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கத்திரி வெயிலில் பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் உடனே கிளம்ப வேண்டியதுதான்.

வீட்டில் யாராவது கர்ப்பமானால் உறவினர்கள் முதலில் பூனையைத்தான் வெளியே அனுப்பச் சொல்வார்கள். வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பற்றிய பயம் பொய்யில்லை. ஆனால் பூனையின் மலத்தில் வரும் அந்தக் கிருமி பரவும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். மண் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத இறைச்சியிலும் கழுவாத காய்கறியிலும் கூட அது வரும். “மீன் மார்க்கெட்ல விட்டா பொழச்சுக்கும்” என்று சாக்கில் கட்டிக்கொண்டுபோய் விடுவதைக் கேட்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

குட்டிகள் வேண்டாமென்றால் கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்பருவத்துக்கு வரும், சினைக்காலம் இரண்டு மாதம்தான்.

மழைக்காலத்தில் சொந்தப் பூனை இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நனைந்த தெருக்குட்டிகள் சூட்டுக்காகக் கார் எஞ்சினுக்குள் போய் ஒளியும். வண்டியை எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டி, பத்து வரை எண்ணுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படித் தட்டியபோதுதான் உள்ளேயிருந்து இரண்டு குரல் கேட்டது. ஒன்று பட்டாணி, இன்னொன்று ராகி.