கடல் பார்க்கப் போகும் மாதம்: மலையகத்தில் நாம் போடும் தப்புக் கணக்குகள்

ஜூலை மாதம். ஹட்டனில் மூன்று நாளாக மழை விடவில்லை. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை புகை வாசத்தோடு தொங்குகிறது. இந்த நேரத்தில் யாராவது "திருகோணமலைக்கு ஒரு ட்ரிப் போவோமா?" என்று கேட்டால், வீட்டில் முதலில் வருகிற பதில் "இந்த மழையிலயா?" என்பதுதான்.

முதல் தவறே அந்தப் பதில்தான். ஹட்டனில் இப்படிக் கொட்டுகிற அதே ஜூலையில் திருகோணமலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். நம் வாசலில் மழை என்றால் நாடு முழுக்க மழை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நம் மழைதான் அங்கே வெயிலுக்குக் காரணம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலில் அள்ளிய ஈரத்தோடு வந்து நம் மலைகளில் முட்டுகிறது. கினிகத்தேன, வட்டவளை, நோர்ட்டன் பக்கமெல்லாம் ஏறும்போதே கொட்டித் தீர்த்துவிடுகிறது. கினிகத்தேனப் பக்கத்தில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை வாங்குகிற தோட்டம் இருக்கிறது. இத்தனையையும் இறக்கிவைத்துவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் இறங்குகிற காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. மட்டக்களப்பில் 'கச்சான்' என்று சொல்வது இந்த வறண்ட சூட்டுக் காற்றைத்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கதை தலைகீழ். வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடல் பக்கமிருந்து வரும். கிழக்கு நனையும், காலியும் ஹிக்கடுவையும் வெளிக்கும்.

நம்பாதவர்கள் ஜூலையில் நுவரெலியாவிலிருந்து வெலிமடை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். நுவரெலியாவில் தூறலும் பனிமூட்டமும். ஹக்கலை தாண்டி வளைவுகளில் இறங்க இறங்க, பஸ்ஸில் ஒவ்வொருவராக ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். வெலிமடையில் மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள். ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள் இவ்வளவு மாற்றம் என்றால், கடற்கரைக்குப் போனால் எவ்வளவு இருக்கும்!

இதை மனதில் வைத்துக்கொள்ள நம்மிடமே ஒரு நாட்காட்டி இருக்கிறது: சிவனொளிபாத மலை சீசன். டிசம்பர் போயாவுக்குத் தொடங்கி மே மாதம் வெசாக் போயாவுக்கு முடியும். மலைக்கு மேற்குப் பக்கம் ஓரளவு வெளித்திருக்கிற காலம் அது என்பதால்தான் அந்த மாதங்கள். மலையில் விளக்கு வரிசை எரிகிறவரை காலி, மிரிஸ்ஸ, ஹிக்கடுவை, நீர்கொழும்பு. விளக்கு அணைந்த பிறகு செப்டெம்பர் வரை திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே. நானும் பல வருடமாக இப்படித்தான் கணக்குப் போடுகிறேன். வெசாக் பந்தல் பார்க்க மே மாதத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள் பாதி நேரம் கடை ஓரத்தில் ஒதுங்கி நிற்பதும் இதனால்தான். கொழும்பில் மழை அதிகம் பெய்கிற மாதங்களில் மே ஒன்று.

பதுளை, பசறை, பண்டாரவளைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கணக்கு வேறு. உங்களுக்கு மழை கூடியது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. உங்கள் வானம் மட்டக்களப்பு வானத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப் போகும். ஆகவே "இங்க மழை, அங்கயும் மழையா இருக்கும்" என்று நீங்கள் சொன்னால் பெரும்பாலும் சரி. ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ இருந்துகொண்டு கிழக்கைப் பற்றி அதையே சொன்னால்தான் பிழை.

லீவு பார்த்து மாதம் முடிவு பண்ணுவது

இதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

தோட்டத்தில் நீண்ட லீவும் கையில் காசும் ஒன்றாகச் சேர்வது தீபாவளிக்குத்தான். முற்பணம் வந்த சூட்டோடு ஒரு வருடம் பதினான்கு பேர் வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் போனோம். மாமா புதுக் காற்சட்டை தைத்து வந்திருந்தார், கடலில் இறங்குவதற்கென்றே. தங்கின இடத்தில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது, ஆனால் நீலமாக இல்லை, சேறு கரைத்த மாதிரி. இரண்டு நாளும் விடாமல் அடித்து ஊற்றியது. பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அலைகளை எண்ணினார்கள். மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் விட்டது என்று கரைக்குப் போனால், தோணிகளையெல்லாம் தென்னை மரத்தடிவரை இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "மலைநாட்டுப் பக்கமோ தம்பி? வைகாசி பிறந்த பிறகு வாங்கோ." மாமாவின் காற்சட்டை மடிப்புக் கலையாமல் ஊர் திரும்பியது.

திருகோணமலையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நாலு மாதத்தில் விழுகிறது. நவம்பர், டிசம்பரில் சூறாவளி பயமும் உண்டு. 1964 டிசம்பரில் திருகோணமலைப் பக்கம், 1978 நவம்பரில் மட்டக்களப்பு, 2025 நவம்பரில் டித்வா. டித்வா மலையகத்தையும் விட்டுவைக்கவில்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தீபாவளி விழுகிற ஒக்டோபர், நவம்பர் இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் வருகிற இடைப்பருவ காலம். கிழக்கு, மேற்கு என்று பார்க்காமல் எல்லாப் பக்கமும் பெய்யும். அந்த லீவில் கடல் வேண்டாம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள். பொங்கலுக்குக் கிடைக்கும் லீவு தென்கரைக்கு நல்லது. ஓகஸ்ட் பள்ளி லீவு கிழக்குக்கு என்றே செய்து வைத்தது. ஏப்ரல் புத்தாண்டு இரண்டும் கெட்டான்: மேற்கிலும் தெற்கிலும் காலையில் வெளிச்சமாக இருக்கும், பின்னேரம் இடியோடு இறங்கும். காலை பத்து மணிக்குள் கடலை முடித்துக்கொள்கிறவர்களுக்குக் குறையில்லை. இடி கேட்ட பிறகு கரையில் நிற்காதீர்கள், திறந்த வெளியில் உயரமாகத் தெரிகிறவர் நீங்கள்தான்.

மழையை மட்டும் பார்த்து, கடலைப் பார்க்காமல் போவது

உயிர் போகிற தவறு என்றால் இதுதான். ஜூன், ஜூலையில் காலியில் முழு நாளும் வெயில் அடிக்கலாம். அந்த வெயிலை நம்பிக் கடலில் இறங்கக்கூடாது. மழை விட்டாலும் தென்மேல் காற்று விடாது, காற்று இருக்கிறவரை அலையும் அடியில் இழுக்கிற நீரோட்டமும் இருக்கும். நம் பிள்ளைகள் ஆற்றிலும் பீலியிலும் குளித்து வளர்ந்தவர்கள். ஆற்றுத் தண்ணீர் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும். கடல் முதலில் கரைக்குத் தள்ளும், பிறகு காலடி மணலோடு சேர்த்து இழுத்துப் போகும். சிவப்புக் கொடி நட்டிருந்தால், உள்ளூர்க்காரர் யாரும் குளிக்கவில்லை என்றால், முழங்காலளவுக்குக்கூட வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு ஓகஸ்டில் பாசிக்குடாவுக்கு. அங்கே வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது.

போனில் வருகிற வானிலைப் படத்தை நம்புவதும் ஒரு வியாதிதான். ஏப்ரலில் ஏழு நாளுக்கும் மேகமும் மின்னலும் போட்டிருக்கும். பார்த்தவுடன் வேனை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் படம் மாலை நாலு மணிக்குப் பெய்கிற ஒரு மணித்தியால மழையைத்தான் சொல்கிறது, காலை முழுக்க நீங்கள் கடலில் இருந்திருக்கலாம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். அதில் மழையோடு காற்றின் வேகம், கடல் கொந்தளிப்பு என்று தனித்தனியாகச் சொல்வார்கள்.

இன்னொன்று, போகிற இடம் காய்ந்திருந்தாலும் புறப்படுகிற இடம் காய்ந்திருக்காது. ஜூலையில் திருகோணமலைக்குப் போகிறவர் நம் பக்கத்து மழைக்குள்ளேதான் புறப்பட வேண்டும். ஹட்டன், கினிகத்தேன, கித்துல்கல வழியாகக் கொழும்புக்கு இறங்குகிறவர்களுக்கும் மே, ஜூனில் மண்மேடு சரிகிற பயம் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. உங்கள் ஊருக்கு மட்டுமன்றி வழியில் உள்ள ஊர்களுக்கும் பாருங்கள். இரவில் மலைப் பாதை வேண்டாம். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

சூட்டையும் மறந்துவிடுகிறோம். நுவரெலியாவில் பதினாறு பாகை பழகிய உடம்பை முப்பத்து நாலு பாகைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் நாளே தலைவலி. பகல் பதினொன்று முதல் மூன்றுவரை நிழலில் இருங்கள், கோணேஸ்வரம் கோயிலுக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். வெறுங்காலோடு உச்சி வெயிலில் அந்தக் கல்லில் நடந்த என் அம்மா, இறங்கி வரும்வரை சாமியை விட்டுவிட்டு என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை ஓகஸ்டில் போனோம், அதே மாமா, அதே காற்சட்டை. ஹட்டனில் குடை பிடித்து வேனில் ஏறினோம், கண்டி வரை வைப்பர் ஓடியது. மாத்தளை தாண்டி நாவுல வரும்போது ரோடு காய்ந்திருந்தது. தம்புள்ளையில் பிளேன்டி குடிக்க நிறுத்தியபோது ஈர ஜக்கெட்டையெல்லாம் வேன் கூரைக் கம்பியில் போட்டுக் கட்டினோம். ஹபரணைக்குப் போவதற்குள் எல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிட்டது.