கிறிஸ்துமஸ் வான்கோழி: முதல்முறை வைப்பவர்கள் கோட்டை விடும் இடங்கள்

டிசம்பர் பிறந்தால் லண்டன் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் “இந்த வருஷம் நாமே முழு வான்கோழி வைத்துப் பார்ப்போமே” என்ற பேச்சு வந்துவிடும். ட்ரே சின்னதாகிப் போவது, கத்தி மழுங்கியிருப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே தெரிந்துவிடும். வருஷா வருஷம் நடந்து, வாங்கிய காசையே வீணாக்குகிற தவறுகள் மட்டும் இங்கே.

24-ஆம் தேதி ஃபிரீசரைத் திறப்பது

உறைந்த வான்கோழி ஃபிரிட்ஜுக்குள் இளக, கிலோவுக்கு 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். 5 கிலோ என்றால் 50–60 மணி நேரம். 25-ஆம் தேதி காலையில் ஓவனுக்குள் போக வேண்டியதை 22-ஆம் தேதி மாலைக்குள் வெளியே எடுத்திருக்க வேண்டும்; உப்புப் பூசி ஓர் இரவு ஊறவைக்க நினைத்தால் 21-ஆம் தேதியே. வயிற்றுக்குள் கைவிட்டுப் பாருங்கள்: ஐஸ் துகள் தட்டுப்பட்டாலோ தொடை மூட்டு மடங்க மறுத்தாலோ இன்னும் இளகவில்லை.

நேரமாகிவிட்டதா? உறையைப் பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் முழுக்கி, அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோவுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அதாவது 5 கிலோவுக்கு ஐந்தரை மணி நேரம். வெந்நீர் மட்டும் கூடாது. உள்ளே கட்டியாக இருக்கும்போதே வெளிக்கறி கிருமி பெருகும் சூட்டுக்கு வந்துவிடும்.

கழுவுவது

வேண்டாம். கறியை அலசாமல் அடுப்பில் ஏற்ற நமக்கு மனசு வராதுதான். ஆனால் தெறிக்கும் தண்ணீரோடு காம்பைலோபாக்டர் கிருமி ஸிங்க், குழாய், பக்கத்திலிருக்கும் சாலட் வரை போய்விடும். டிஷ்யூ தாளால் ஒற்றினால் போதும்.

தோலுக்கு மேல் மசாலா பூசிவிட்டு உள்ளே ருசியைத் தேடுவது

மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் எவ்வளவு அப்பினாலும் மேலோடு நின்றுவிடும். கறிக்குள் ஆழமாக இறங்குவது உப்புதான். கிலோவுக்கு 10 கிராம் உப்பைத் தோலுக்கடியிலும் மேலும் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். தோல் காய்ந்து மொறுமொறுப்பாக வரும். உறையில் உப்புநீர் ஏற்றியது என்று போட்டிருந்தால் இந்த வேலையே வேண்டாம், வாயில் வைக்க முடியாது.

கடிகாரத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்வது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. எரிச்சல் வருவதும் இதற்குத்தான்.

பிரிட்டனில் பரவலாகப் புழங்கும் கணக்கு: நாலு கிலோவுக்கு மேற்பட்ட பறவைக்கு 180 டிகிரியில் கிலோவுக்கு 20 நிமிடம், அதோடு கூடுதலாக 90 நிமிடம். 5 கிலோவுக்கு மூன்று மணி பத்து நிமிடம். உங்கள் ஓவனில் விசிறி ஓடுகிறதா, ட்ரே ஆழமானதா, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து எவ்வளவு நேரமாயிற்று, எத்தனை முறை கதவைத் திறந்தீர்கள், இதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. இரண்டேகால் மணி நேரத்திலேயே நெஞ்சுக்கறி வெந்துவிடுவதும் உண்டு. “இன்னும் நேரம் இருக்கே” என்று விட்டுவைத்தால், மேசைக்கு வருவது பஞ்சு. அப்புறம் “வான்கோழியே இப்படித்தான், சவசவ என்று இருக்கும்” என்று பழி பறவைமேல் விழும்.

சிக்கல் பறவையின் உடம்பிலேயே இருக்கிறது. நெஞ்சில் கொழுப்பு குறைவு. 70 டிகிரியைத் தாண்டத் தாண்டச் சாறு பிழிந்து வெளியேறும். தொடையிலோ இணைப்புத் தசை அதிகம். 80 டிகிரிக்கு வந்தால்தான் மெத்தென்று ஆகும். முன்பு இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்குப் பெயர்போனது கூஸ் என்ற பெரிய வாத்து இனப் பறவை. அதற்குத் தோலுக்கடியில் தடிமனாகக் கொழுப்பு உண்டு, கொஞ்சம் அதிகம் வெந்தாலும் தாங்கும். வான்கோழி தாங்காது.

ஆகவே ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். வான்கோழி விலையில் சிறு பங்குகூட ஆகாது. கழுத்துப் பக்கமிருந்து நெஞ்சின் தடித்த பகுதிக்குள் படுக்கைவாட்டில் செருகி, மெல்ல வெளியே இழுத்தபடி எண்ணைக் கவனியுங்கள். காட்டுவதிலேயே குறைந்த எண்தான் உண்மை. எலும்பில் முட்டினால் அந்த அளவை நம்பாதீர்கள். பிரிட்டிஷ் உணவுப் பாதுகாப்பு விதி, 70 டிகிரியில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்கிறது. 70-ஐத் தொட்டதும் எடுத்தால், வெளியே இருக்கும்போதும் உள்சூடு சில டிகிரி ஏறும். அமெரிக்க விதி 74 டிகிரி.

நெஞ்சு 70-க்கு வந்தும் தொடை 65-லேயே நிற்கிறதா? காலை வெட்டித் தனி ட்ரேயில் திரும்ப ஓவனுக்குள் தள்ளுங்கள். இதில் ஒரு வெட்கமும் இல்லை. கசாப்புக்கடையில் முதலிலேயே கால்களைப் பிரித்துத் தரச் சொன்னால் இன்னும் நல்லது. முழுப் பறவையை மேசை நடுவில் வைத்துப் படம் எடுக்கும் ஆசைக்காகத்தான் பாதிப்பேர் நெஞ்சுக்கறியைப் பலி கொடுக்கிறார்கள்.

அமெரிக்க வான்கோழிகளில் குத்தி வைத்திருக்கும் பிளாஸ்டிக் பொத்தானையும் நம்ப வேண்டாம். அது எகிறும்போது நெஞ்சு பெரும்பாலும் 80-ஐத் தாண்டியிருக்கும்.

வயிற்றில் ஸ்டஃபிங் திணிப்பது

ஸ்டஃபிங் என்றால் ரொட்டித்தூள், வெங்காயம் சேர்த்துச் செய்யும் பூரணம். அதைத் தனி ட்ரேயில் வையுங்கள். வயிற்றில் வைத்தால் பச்சைக்கறியின் சாறு அதில் இறங்கும். அது பாதுகாப்பான சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தால் நெஞ்சு போச்சு.

உள்ளே இருக்கும் பையை மறப்பது

ஈரல், இதயம், கழுத்து எல்லாம் அதில்தான். எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கிரேவிக்கு ஈரல் வேண்டாம், கசக்கும்.

எடுத்த கையோடு வெட்டுவது

40 நிமிடம் பொறுங்கள். அதற்குள் உருளைக்கிழங்குக்கு ஓவன் கிடைக்கும். அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றினால் ஆவி பட்டுத் தோல் தொளதொளத்துவிடும். சும்மா மேலே போர்த்தினால் போதும். நெஞ்சை எலும்பிலிருந்து முழுசாகப் பெயர்த்து, பிறகு குறுக்குவாட்டில் துண்டு போடுங்கள்.

மிச்சத்தை மேசையிலேயே விடுவது

இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பை நீக்கி, ஆழமில்லாத டப்பாக்களில் ஃபிரிட்ஜுக்குள். இரண்டு நாளில் தீராது என்று தெரிந்தால் அன்றைக்கே ஃபிரீசரில்.