எஸ்தோனியக் கிராமம் ஒன்றைச் சரியாக அடையாளம் காண்பது எப்படி?

எஸ்தோனியாவின் சிற்றூர்களைப் பற்றி எழுத முனைவோரும், அங்கே செல்லத் திட்டமிடுவோரும், பழைய ஆவணத்தில் கண்ட ஊரை இன்றைய வரைபடத்தில் தேடுவோரும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றே. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. அவை அடங்கிய நிர்வாக எல்லைகளோ 2017-இல் பெருமளவு மாறிவிட்டன. அந்நாட்டு ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியபின் நான் வகுத்துக்கொண்ட முறையை இங்கே தருகிறேன்.

படி 1: பெயரை முழு எழுத்துகளுடன் குறித்துக்கொள்ளுங்கள்

எஸ்தோனிய மொழியில் இரு புள்ளி இட்ட மூன்று உயிரெழுத்துகளும், அலைக்கோடு இட்ட ஓர் உயிரெழுத்தும் தனி எழுத்துகளாகவே கருதப்படுகின்றன. குறிகளை விட்டுவிட்டுத் தேடினால் வேறு ஊருக்குப் போய்ச் சேர வாய்ப்புண்டு. கைப்பேசியின் விசைப்பலகையில் எஸ்தோனிய மொழியைச் சேர்த்துக்கொள்வதே சிறந்தது.

படி 2: ஊரின் வகையையும் அது அடங்கிய அலகுகளையும் எழுதுங்கள்

குடியிருப்புகள் லின் எனப்படும் நகரம், நகரத்தினும் சிறிய அலெவ், அதனினும் சிறிய அலெவிக், கியூலா எனப்படும் கிராமம் என நான்கு வகைப்படும். அலெவிக்குக்கும் கிராமத்துக்கும் தனி மன்றம் கிடையாது; அவை வல்ட் என்னும் ஊராட்சிக்குள் அடங்குகின்றன. வல்ட்கள் நாட்டின் 15 மாவட்டங்களுள் அடங்குகின்றன. ஆகவே ஊர்ப்பெயர், வகை, வல்ட், மாவட்டம் ஆகிய நான்கும் கிடைக்கும்வரை அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

படி 3: ஒரே பெயருள்ள ஊர்களைப் பிரித்தறியுங்கள்

எனக்கு மிகுதியான நேரம் பிடித்தது இந்தப் படியில்தான். ஆதலால் ஓர் எடுத்துக்காட்டுடன் விரிவாகவே சொல்கிறேன்.

பெய்ப்சி ஏரியின் மேற்குக் கரையில் கசெப்பா என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று யோகெவா மாவட்டத்தின் முஸ்த்வே வல்டில் உள்ள கிராமம். மற்றொன்று தார்த்து மாவட்டத்தின் பெய்ப்சியாரெ வல்டில் உள்ள அலெவிக். இரண்டும் ஒரே ஏரிக்கரையில் இருக்கின்றன. இரண்டிலும், 17-ஆம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபை மேற்கொண்ட சடங்குச் சீர்திருத்தத்தை ஏற்க மறுத்த பழைய நம்பிக்கையாளர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். ஏரிக்கரை, ரஷ்யப் பேச்சு, தொழுகை இல்லம் என்று ஒரு பயணக் குறிப்பு எவ்வளவுதான் வருணித்தாலும், அது எந்தக் கசெப்பா என்பதை அவ்வருணனையைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது.

இங்கே எனக்கு உதவியது அண்டை ஊர்களின் பெயர்கள்தான். கல்லாஸ்தெ நகரம் இவ்விரண்டுக்கும் இடையில் அமைந்துள்ளது. குறிப்பில் முஸ்த்வே, ராயா ஆகிய பெயர்கள் உடன்வந்தால் அது வடக்கே உள்ள கிராமம். கொல்க்யா, வார்ன்யா ஆகியவை உடன்வந்தால் அது தெற்கே உள்ள அலெவிக். 2017-க்குச் சற்று முந்தைய ஆவணத்தில் "கசெப்பா வல்ட்" என்று இருந்தால் அது வடக்குப் பகுதியையே குறிக்கும், ஏனெனில் அப்பெயருடைய வல்ட் யோகெவா மாவட்டத்தில்தான் இருந்தது. எந்த ஊரை ஆராய்ந்தாலும் அதைச் சூழ்ந்த இரண்டு மூன்று ஊர்ப்பெயர்களைச் சேர்த்தே தேடுங்கள்.

படி 4: ஆவணத்தின் ஆண்டைப் பாருங்கள்

2017 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலையொட்டி, 213 உள்ளாட்சி அலகுகள் 79 ஆகக் குறைக்கப்பட்டன. ஓர் உள்ளாட்சியில் குறைந்தது 5,000 பேராவது வாழ வேண்டும் என்பது அச்சீர்திருத்தத்தின் இலக்கு. வல்ட் மட்டுமன்றிச் சில ஊர்களுக்கு மாவட்டமே மாறியது. வார்ஸ்கா அலெவிக் முன்பு போல்வா மாவட்டத்தில் இருந்தது. செத்தோமா வல்ட் உருவானபின் வோரு மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. பலா வல்டும் இவ்வாறே யோகெவாவிலிருந்து தார்த்துவுக்கு மாறி, பெய்ப்சியாரெ வல்டுடன் இணைந்தது.

சாரேமா தீவில் நிலைமை இன்னும் நுட்பமானது. கூரெஸ்சாரே நகரம் உட்பட 12 உள்ளாட்சிகள் ஒரே வல்டாக இணைந்ததால், ஒரே பெயருள்ள கிராமங்கள் ஒரே வல்டுக்குள் வந்துவிட்டன. அவற்றுள் பலவற்றுக்குப் புதுப்பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. இன்றைய கார்மா-கிரிகுக்கியூலா, கார்லா-கிரிகுக்கியூலா ஆகிய பெயர்களில் முன்னொட்டாக நிற்பவை முன்னாளைய வல்ட்களின் பெயர்களே. முன்னொட்டு இல்லாத பெயரைப் பழைய நூலில் கண்டால், அது அச்சமயம் எந்த வல்டில் இருந்தது என்று முதலில் பாருங்கள்.

படி 5: குறியீட்டால் உறுதிசெய்யுங்கள்

ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஏகாக் எனப்படும் நாடளாவிய வகைப்பாட்டில் நான்கு இலக்கக் குறியீடு உண்டு. உங்கள் குறிப்பேட்டில் ஊர்ப்பெயரின் பக்கத்திலேயே அதை எழுதிவைத்தால் இரண்டு கசெப்பாக்களும் இனி ஒருபோதும் கலக்கா. தேடலுக்கு, உலகளாவிய வணிக வரைபடங்களைவிட எஸ்தோனிய அரசின் இடப்பெயர்ப் பதிவேட்டையும் அவ்வரசின் இணைய வரைபடத்தையுமே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். ரஷ்யப் பேரரசுக் காலத்து "ஒரு வெர்ஸ்தா" வரைபடத்தையும் (வெர்ஸ்தா என்பது பழைய ரஷ்ய நீள அளவு) அதே தளத்தில் காணலாம் என்பது பெரும் வசதி.

வாசகர்கள் கேட்டபின் சேர்த்தவை

கிராமத்து முகவரியில் கதவு எண் இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே பல வீடுகளுக்குப் பண்ணைப் பெயரே முகவரி. அதன்பின் கிராமம், வல்ட், மாவட்டம் என வரும். அந்த முதற்சொல்லை ஊர்ப்பெயராகக் கொள்ள வேண்டாம்.

திருச்சபைப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடும் மற்றொருவருக்கு: அப்பதிவேடுகள் கிஹெல்கொண்ட் எனப்படும் திருச்சபைப் பங்கின்படி அமைந்தவை; அதன் எல்லையும் வல்டின் எல்லையும் ஒன்றல்ல. ஊர்கள் அவற்றில் பெரும்பாலும் ஜெர்மானியப் பெயராலேயே குறிக்கப்பட்டிருக்கும். பொல்த்சமா அங்கே ஓபர்பாலென் ஆகிவிடும். தேசிய ஆவணக் காப்பகத்தின் சாகா தளத்தில் முதலில் பங்கைத் தேர்ந்துவிட்டு, பிறகு ஊரைத் தேடுங்கள்.

அகரவரிசைப் பட்டியலில் ஒயிசு அலெவிக் கிடைக்கவில்லை என்று எழுதியவர் பட்டியலின் கடைசிப் பகுதியைப் பார்க்க வேண்டும். அப்பெயரின் முதலெழுத்து அலைக்கோடு இட்டது; குறியிட்ட நான்கு உயிரெழுத்துகளும் எஸ்தோனிய வரிசையில் இறுதியை ஒட்டியே வருகின்றன.