எடை குறைந்தால் வேகம் கூடுமா? ஸ்பிரிண்ட் ஓடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

100 மீட்டர் ஓடுகிறவர்களில் பலருக்கு எடை மெஷின் மீது ஒரு கண். ஒரு கிலோ குறைந்தால் சந்தோஷம், கூடினால் கவலை. குறைந்தது கொழுப்பா, தசையா, வெறும் தண்ணீரா என்று கேட்பவர்கள்தான் குறைவு.

"ஒல்லியானால் வேகம் வரும்" என்ற எண்ணம் நெடுந்தூர ஓட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. மாரத்தானில் 42 கிலோமீட்டருக்கு உடலைச் சுமந்து போக வேண்டும். அங்கே இளைத்த உடல் லாபம். ஸ்பிரிண்டில் கணக்கே வேறு. உச்ச வேகத்தில் தேர்ந்த வீரரின் கால் ஒவ்வொரு முறையும் தரையில் படும் நேரம் சுமார் 0.09 நொடிதான். அதற்குள் சராசரியாகத் தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விசை கொடுத்தாக வேண்டும். உச்சத்தில் அது நான்கு மடங்கையும் தாண்டும். காலைக் காற்றில் முன்னே வீசும் நேரத்தில் வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் தரையில் கொடுக்கும் விசையில் இருக்கிறது, அதுவும் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்பதில். பட்டினி கிடந்து தசையையும் சேர்த்துக் கரைத்தால், எடை குறையும்போதே விசையும் குறையும். வேகத்துக்கு அதனால் என்ன லாபம்?

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு: ஜிம்மில் கண்டபடி உடம்பை ஏற்றுவது. மார்பிலும் கையிலும் சேரும் தசை தரையை உதைக்க நேரடியாகப் பெரிதாக உதவாது, ஆனால் அதையும் ஒவ்வொரு அடியிலும் தூக்கித்தான் ஆக வேண்டும். புட்டத்திலும் தொடையின் பின்பக்கத்திலும் சேரும் தசை அப்படியல்ல, தன் எடைக்கு மேலாகவே உழைக்கும். இடுப்பிலிருந்து தள்ளிப் போகப் போக எடையின் சுமை கூடும். காலை வீசுவதற்கான எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதே காரணம். அடியில் ஆணி பதித்த ஸ்பைக்ஸ் ஷூவை இவ்வளவு லேசாகச் செய்வது சும்மா இல்லை. கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு முழு வேகத்தில் ஓடிப் பழகுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓட்டத்தின் தாளம் மாறிவிடும். தொடையின் பின்தசைக்கும் வீண் சுமை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு எடையைக் குறைப்பதை என்ன சொல்வது? இது மல்யுத்தம் அல்ல. ஓட்டத்தில் எடைப் பிரிவே கிடையாது. இரண்டு நாளில் இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பங்கு தண்ணீரும் தசையில் சேமித்த கிளைகோஜனும்தான் (உடல் எரிபொருளாகச் சேர்த்து வைக்கும் சர்க்கரை). ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும், அதனால் மெஷினில் எண் சட்டென்று இறங்குகிறது. கிரியேட்டின் என்ற சப்ளிமென்ட்டை எடுக்கத் தொடங்கியதும் ஒரு கிலோ ஏறுவதைக் கண்டு பயப்படுவதும் இதே குழப்பம்தான். அதுவும் பெரும்பாலும் தண்ணீர்.

நீண்ட காலம் தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டால் பாதிப்பு வேகத்தோடு நிற்காது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் குறையலாம், எலும்பு பலவீனமாகி விரிசல் விடலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்தப் பிரச்சினைகளை ஒரே தலைப்பில் கொண்டுவந்து எச்சரித்தது. மாதவிடாய் தவறினால் "பயிற்சி நல்லா போகுது" என்று தட்டிவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

எடையையும் உயரத்தையும் மட்டும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அதற்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான்.

அப்புறம், சாம்பியனின் எடையைத் தன் இலக்காக வைப்பது. 2009-இல் பெர்லினில் 9.58 நொடியில் ஓடிய உசைன் போல்ட் 1.95 மீட்டர் உயரம், 90 கிலோவுக்கு மேல் எடை. டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் 9.83 ஓடிய சீனாவின் சு பிங்டியான் 1.72 மீட்டர்தான். 2021-இல் 10.60 ஓடிய ஜமைக்கா வீராங்கனை ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் 1.52 மீட்டர். இவர்களில் யாருடைய எடையை நகலெடுப்பது?

கொழுப்பு நிஜமாகவே கூடுதலாக இருந்தால் குறைக்கலாம், சீசன் இல்லாத மாதங்களில். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் போதும். எடைப் பயிற்சியையும் புரதத்தையும் விட்டுவிடக் கூடாது. எடையை மட்டும் குறித்து வைக்காமல், நின்ற இடத்திலிருந்து 30 மீட்டர், ஓடி வந்து கடக்கும் 30 மீட்டர், நின்றபடி தாண்டும் நீளம் ஆகியவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். எடை ஏறியும் நேரம் குறைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. எடை இறங்கி, தாண்டும் நீளமும் குறைந்தால் உணவுக் கட்டுப்பாட்டை அன்றே தளர்த்துங்கள்.