பாதியில் சாம்பலான எடைச்சீட்டுகள்

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் ஒரு கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். எடைச்சீட்டைப் போனில் படம்பிடித்து ஏற்றுவார்கள். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டுமே என்று படங்களையும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டேன்.

கடையில் புதுப் போன் வாங்கிய சில நாளில் அழைப்பு வந்தது. "மக்கா, சீட்டுல கிலோ தெரியுது, கையெழுத்து இருக்க இடம் சாம்பலா கெடக்கு." திறந்து பார்த்தேன். மேல்பாதி தெளிவு, கீழே ஒரே சாம்பல். புதுப் படங்கள் எல்லாமே சரியாக 65,535 பைட். படங்களை வைக்க நான் எடுத்திருந்த பிளாப் என்ற டேட்டா வகையில் அதற்குமேல் கொள்ளாது. அளவு மீறினால் பதிவையே மறுக்கும் ஸ்டிரிக்ட் மோட் அணைந்திருந்ததால், பிழை காட்டாமல் மிச்சத்தை வெட்டியிருக்கிறது. அந்தக் கையெழுத்துகள் திரும்பி வரவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அதைவிடப் பெரிய வகையான மீடியம்பிளாப் ஆக்கினால் 16 எம்பி வரை கொள்ளும். ஆனால் பேக்கப் ஏற்கெனவே ஊதிப் பெருத்திருந்தது. அதனால் படங்களை டிஸ்குக்கு மாற்றினேன், வெப் ரூட்டுக்கு, அதாவது பிரவுசரில் நேரடியாகத் திறக்கக்கூடிய ஃபோல்டருக்கு, வெளியே தனி ஃபோல்டரில். டேபிளில் பாதை, அசல் பெயர், அளவு மட்டும். இரண்டு போன்கள் ஒரே பெயரில் படம் அனுப்பும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயர்.

வரிசைதான் முக்கியம். ஃபைலை எழுதிய பிறகே டேபிளில் பதிவு. அழிக்கும்போது பதிவு முதலில் போகும். நடுவில் கரண்ட் போனால் மிஞ்சுவது ஆளில்லாத ஒரு ஃபைல், படமில்லாத சீட்டு அல்ல.

கடை லோகோ சில கேபிதான், அதை டேபிளிலேயே விட்டுவிட்டேன். பேக்கப் இப்போது இரண்டு: முதலில் டேட்டாபேஸ், அது முடிந்ததும் ஃபோல்டர்.