தயங்கி நின்ற எம்.ஜி.பி. வேகமெடுத்தது எப்படி?

என்னிடம் இருப்பது இங்கிலாந்தின் ஆபிங்டனில் உருவான 1967 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது கூரையை மடக்கித் திறக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். 1,798 சிசி என்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் எஸ்.யூ. நிறுவனக் கார்புரேட்டர்கள் இரண்டு. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் ஒரு கணம் திணறி, ‘பட்’டென்று இருமிவிட்டுத்தான் நகரும். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேடுகளில் பின்னால் லாரி வரும்போது இது வேடிக்கையல்ல.

தீப்பொறி தரும் பிளக், பாயின்ட் எல்லாம் சரியாகவே இருந்தன. கார்புரேட்டரின் உச்சியில் இருக்கும் கறுப்பு மூடியைத் திருகி எடுத்தேன். அதனுடன் வந்த மெல்லிய தண்டு துடைத்துவைத்தாற்போல் காய்ந்திருந்தது. அங்கே எண்ணெய் இருக்க வேண்டும். திடீரென்று காற்று பாயும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் துள்ளி எழாமல் தடுப்பது அந்த எண்ணெய்தான். அதனால் அந்த நொடியில் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக உறிஞ்சப்படும். எண்ணெய் வற்றினால் காற்றுதான் முந்திக்கொள்ளும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டேன். ‘டக்’கென்று விழுந்தது, எங்கும் ஒட்டவில்லை. பிறகு சாதாரண 20டபிள்யூ-50 என்ஜின் எண்ணெயை, பிஸ்டனின் நடுவிலுள்ள குழல்தண்டின் விளிம்புக்குச் சுமார் 13 மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி இரண்டு கார்புரேட்டர்களிலும் ஊற்றினேன். இருமல் போயே போய்விட்டது!

கணினி எதுவும் இல்லாமல் கோளாறை விரலால் தொட்டுப் பார்க்க முடிகிறதே, 1980-இல் உற்பத்தி நின்ற பிறகும் இந்தக் காரை ஆட்கள் விடாமல் வைத்திருப்பது அதனால்தான் என்பேன். புது மூடி வாங்குவதானால், காற்றுத்துளை உள்ளது, இல்லாதது என இரு வகை உண்டு. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.