பிக்கப்பில் கேம்பர் ஏற்ற முன் நிறுக்க வேண்டியது பின் அச்சை

பிக்கப்பின் பின்பெட்டிக்குள் இறக்கி, தேவையில்லாதபோது கழற்றி வைக்கும் கேம்பர் கூடு (பயணத்தில் படுத்துறங்கும் சிறு அறை) செய்விக்க நினைப்பவர்கள் முதலில் பெட்டியின் நீள அகலத்தை அளக்கிறார்கள். அளக்கத்தான் வேண்டும். ஆனால் பெட்டிக்குள் அச்சொட்டாக இறங்கும் கூடுகூட வாகனத்தின் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் கெடுத்துவிடலாம். எல்லாவற்றையும் தீர்மானிப்பது பின் அச்சில் விழும் பாரம். பட்டறைக்கு முற்பணம் கொடுக்க முன் அதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

வாகனத்தின் மொத்த நிறை வரம்பும் அச்சுகளுக்கான வரம்பும் கதவுத் தூணில் உள்ள தகட்டிலோ உற்பத்தியாளரின் கைநூலிலோ இருக்கும். வெற்று நிறைக்கு மட்டும் கடதாசியை நம்பாதீர்கள். முன்னால் பூட்டிய இரும்புக் காப்பு, இழுவைக் கொளுக்கி, பெட்டிக்குப் போட்ட தகடு எதுவும் அதில் சேர்ந்திராது. டீசல் தாங்கியை நிரப்பிக்கொண்டு லொறி நிறுக்கும் வேபிறிட்ஜுக்குப் போங்கள். நெல் ஆலைகளிலும் பழைய இரும்பு மொத்தமாக வாங்கும் இடங்களிலும் கேட்டுப் பாருங்கள். முதலில் முழு வாகனத்தையும் நிறுத்து, பிறகு முன் சில்லுகளைத் தராசுக்கு வெளியே விட்டுப் பின் சில்லுகளை மட்டும் நிறுங்கள். இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கப் பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்த வரம்பு 2,900 கிலோ, வெறுமையாக நிறுத்தபோது 2,010 கிலோ. மிச்சம் 890. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்று 220 கிலோ போனால் 670. கூடு வெறுமையாக 400 கிலோ. 60 லீற்றர் தண்ணீர் 60 கிலோ. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது இரும்போடு சேர்த்துச் சுமார் 25 கிலோ. 100 ஆம்பியர் மணி ஈய பற்றரி சுமார் 30 கிலோ. மெத்தை, சாப்பாட்டுச் சாமான், கதிரை, உடுப்பு, திருத்தக் கருவிப் பெட்டி எல்லாம் 120 கிலோ. கூட்டினால் 635. எஞ்சுவது 35 கிலோ மட்டும். கடதாசியில் சரிவந்தாலும் இந்தச் சோடி கூடாது. போகிற வழியில் நாலு தேங்காய் மூடை ஏற்றினால் வரம்பு கடந்துவிடும். 150 கிலோவாவது மிச்சம் இருக்கும்படி கூட்டை இலகுவாக்குங்கள்.

எங்கே குறைக்கலாம்? சட்டகத்தில்தான். பட்டறைகளில் வழக்கமாக எடுப்பது 40 மில்லிமீற்றர் சதுர இரும்புக் குழாய். 2 மில்லிமீற்றர் தடிப்பில் அது மீற்றருக்கு 2.4 கிலோ. ஒரு கூட்டுக்கு 60 மீற்றர் போனால் சட்டகம் மட்டும் 144 கிலோ. 25 மில்லிமீற்றர் குழாயில் 1.6 தடிப்பு என்றால் மீற்றருக்கு 1.2 கிலோவுக்கும் குறைவு, பாரம் பாதியாகிவிடும். தரைச் சட்டத்துக்கும் கொளுவும் நாலு மூலைகளுக்கும் மட்டும் தடித்த குழாயை வைத்து, சுவருக்கும் கூரைக்கும் மெல்லியதைப் போடச் சொல்லுங்கள். 12 மில்லிமீற்றர் பிளைவூட் எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று சுமார் 20 கிலோ வரும். சுவருக்கு அவ்வளவு தடிப்பு வேண்டாம், 4 அல்லது 6 போதும்.

அடுத்தது பாரத்தின் நடு எங்கே விழுகிறது என்பது. இதை அளக்காமல் விடுபவர்களே அதிகம், சேதமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. கூட்டைத் தண்ணீர், பற்றரி, சிலிண்டர் எல்லாவற்றோடும் நிரப்பி, குறுக்கே இரண்டு மரச்சட்டங்களின் மேல் இருத்துங்கள். இரு சட்டங்களையும் ஒரே உயரத்தில் வைத்து, முன்சட்டத்தில் ஏறும் பாரத்தையும் பின்சட்டத்தில் ஏறும் பாரத்தையும் மூடை நிறுக்கும் தட்டுத் தராசுகளால் நிறுங்கள். பின்பாரத்தைச் சட்டங்களுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, மொத்தப் பாரத்தால் பிரித்தால், முன்சட்டத்திலிருந்து பாரநடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது வரும். முன்னே 349, பின்னே 286 கிலோ, இடைத்தூரம் 2 மீற்றர் என்றால் விடை 0.9 மீற்றர். முன்சட்டம் கூட்டின் மூக்கிலிருந்து, அதாவது பெட்டியின் முன்சுவரில் முட்டும் முகப்பிலிருந்து, 10 சென்ரிமீற்றர் உள்ளே இருந்தால், பாரநடு மூக்கிலிருந்து 1 மீற்றரில். அந்த இடத்தில் கூட்டின் இருபுறமும் பெயின்ரால் கோடு போட்டுவிடுங்கள்.

இனிப் பெட்டியின் முன்சுவரிலிருந்து பின் அச்சின் நடு வரை அளவுங்கள். டபுள் கப்பில் பெட்டி குட்டை, நீளமே ஒன்றரை மீற்றர் அளவில்தான். முன்சுவரிலிருந்து அச்சு 75 சென்ரிமீற்றரில் என்றால், மேற்சொன்ன பாரநடு அச்சுக்கு 25 சென்ரிமீற்றர் பின்னால் விழும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 3.1 மீற்றர் உள்ள வாகனத்தில் 635 கிலோ இப்படி இருந்தால், முன் அச்சிலிருந்து 51 கிலோவைத் தூக்கிவிடும், பின் அச்சில் 686 கிலோவை ஏற்றும். ஏற்றியதைவிடக் கூடுதலான பாரம் பின்னால் விழுகிறது! முன் சில்லுகள் இலேசானால் ஸ்டியரிங் மிதக்கும், மழைத் தெருவில் பிரேக் பிடித்தால் வாகனம் நேரே வழுக்கும். அதே கூட்டை, முன்சுவரிலிருந்து அச்சு 1.25 மீற்றரில் உள்ள, ஒரே வரிசை இருக்கை கொண்ட சிங்கிள் கப்பில் வைத்தால் முன் அச்சுக்கு 51 கிலோ கூடும், பின் அச்சுக்கு 584 மட்டுமே. கூடு வைக்கவென்று வாகனம் வாங்குபவருக்கு எங்கள் ஆலோசனை சிங்கிள் கப்தான். டபுள் கப் ஏற்கெனவே இருந்தால் கூட்டைச் சிறிதாக்கி, தண்ணீர்த் தாங்கியையும் பற்றரியையும் முன்சுவரோடு ஒட்டித் தரையில் வையுங்கள். கோடு அச்சுக்கு நேரே அல்லது அதற்கு முன்னால் விழ வேண்டும்.

பட்டா எனப்படும் சிறு லொறியில் கூடு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சில்லு சிறிது, அகலமும் குறைவு. கேபினுக்கு மேலே நீண்டு நிற்கும் படுக்கையோடு உயரக் கூடு வைத்தால் திரும்பும்போது கவிழும் ஆபத்து கூடும். தாழ்வான, இலேசான கூடு மட்டும் அதற்குப் பொருந்தும்.

ரயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 104 என்றால் ஒரு ரயர் 900 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. தகட்டில் உள்ள பின் அச்சு வரம்பு, இரண்டு பின் ரயர்களின் கூட்டுத்தொகை ஆகியவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. காற்று குறைந்தால் இந்த எண்ணுக்குப் பெறுமதியில்லை. உற்பத்தித் திகதியையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நல்லாக இருந்தாலும் வெயிலில் நின்று பழசான ரயர் பாரத்தில் வெடிக்கும்.

பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று மேலதிகமாக ஸ்பிரிங் பிளேட் போடுவதோ அச்சுக்கு மேல் காற்றுப் பை வைப்பதோ வாகனத்தை நிமிர்த்துமே தவிர, அச்சு, பிரேக், சேசிஸ் (வாகனத்தின் அடிச்சட்டம்) எதன் வரம்பையும் கூட்டாது. காற்றுப் பை பாரத்தைச் சேசிஸின் ஒரே புள்ளியில் தள்ளுவதால், பாரநடு பின்னால் உள்ள வாகனத்தில் சேசிஸ் வளைவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

பொருத்தும்போது கூட்டின் மூக்குக்கும் பெட்டியின் முன்சுவருக்கும் இடையில் இடைவெளி விடாமல் மரக்கட்டையோ றப்பரோ கொடுத்து முட்டுங்கள். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கூடு முன்னால் ஓடிவந்து இடிக்கும். மேற்படுக்கைக்கும் கேபின் கூரைக்கும் இடையில் 10 சென்ரிமீற்றராவது வேண்டும். கேபினும் பெட்டியும் குழியில் தனித்தனியே அசைபவை. அடியில் றப்பர் விரிப்பு, சில்லு மூடிகளின் இருபுறமும் கட்டை. கூட்டை இழுத்துப் பிடிக்கும் கொளுவிகளைச் சேசிஸில் போல்ட் பண்ணிய தாங்கிகளில் மாட்டுங்கள். பெட்டியின் தகட்டில் மாட்டினால் தகடு கிழியும். ஏற்றுவது இறக்குவது சீமெந்துத் தரையில் நடக்கட்டும். மழை பெய்த செம்மண்ணில், கூட்டைத் தூக்கி நிறுத்தும் ஜக் கால் புதையும், வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு காலுக்கும் ஓரடிச் சதுரத் தடித்த பலகை வையுங்கள். நாலு ஜக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி இறக்குங்கள். ஜக்கில் நிற்கும் கூட்டுக்கு அடியில் யாரும் போகக்கூடாது.

ஏற்றிய பிறகு மீண்டும் வேபிறிட்ஜ். பின் அச்சு எல்லைக்குள் நின்றால்தான் பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டால் சாவகச்சேரியில் ஒருமுறை, பரந்தனில் ஒருமுறை நிறுத்திக் கொளுவிகளை இறுக்குங்கள். முதல் ஓட்டத்தில் றப்பர் அமர்ந்து அவை தளரும். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாலம், புங்குடுதீவுத் தாம்போதி போன்ற வெட்டவெளிகளில் பக்கக் காற்று கூட்டைத் தள்ளும். அங்கே மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். மொத்த உயரத்தை அளந்து கண்ணாடிக்கு அருகே எழுதி ஒட்டுங்கள். ஒழுங்கைகளில் தொங்கும் வயர்களுக்கும் கோயில் வளைவுகளுக்கும் அது வேண்டும்.

காஸ் காற்றைவிடப் பாரமானது, கீழேதான் தேங்கும். சிலிண்டர் அறையிலிருந்து கூட்டின் உட்பக்கத்துக்குக் காஸ் வராதபடி அடைத்து, வெளியே போகும் துவாரத்தை அந்த அறையின் தரை மட்டத்தில் விடுங்கள். கூட்டை நிரந்தரமாகப் பூட்டுவதானால், கச்சேரியில் உள்ள மோட்டார் போக்குவரத்துப் பகுதியிலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கசூரினா, மணற்காடு போன்ற கடற்கரைகளுக்குப் போய்வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, சில மாதத்துக்கு ஒருமுறை கூட்டை இறக்கி றப்பர் விரிப்பைத் தூக்கிக் காய விடுங்கள். அதற்கடியில்தான் உப்பு தங்கித் தகட்டைத் தின்னும். கூடு ஏற்ற முன்பே கேபினுக்கும் பெட்டிக்கும் இடையிலான வெளியை மேலேயும் கீழேயும் அளந்து குறித்து வைத்திருந்தால், இறக்கும் ஒவ்வொரு முறையும் ஒப்பிடலாம். முன்பிருந்ததைவிட மேலே விரிந்திருந்தால் சேசிஸ் வளையத் தொடங்கிவிட்டது. அந்தக் கூட்டைத் திரும்ப ஏற்றாதீர்கள்.